ஒரு கண்ணி குறைவு

விடியற்காலை நாலரைக்கு
கேமரன் மலையிலிருந்து லாரி வரும்.
சாமந்தி மூட்டைகளை லெபோ பாசாரில் இறக்கிவிட்டு
ஓட்டுநர் தே தாரிக் குடிக்கப் போவார்.
மல்லிகை மட்டும் விமானத்தில் வரும்,
சுங்க முத்திரையோடும்
கொஞ்சம் தலைவலியோடும்.

எங்கள் தொழிலில் இடைவெளி என்பது குற்றம்.
நாலு மொட்டு, ஒரு முடிச்சு,
அதன் கழுத்தை நெருக்கி அடுத்த நாலு.
நார் தெரிந்தால் கை சரியில்லை என்பார்கள்.
பூவுக்குள் பூ நுழைந்து மூச்சு முட்ட வேண்டும்.
முழம் ஆறு வெள்ளி.

திருமதி நாகாஷிமா முழம் கேட்கவில்லை.
வந்த முதல் புதன்கிழமையே
கூடைகளையெல்லாம் தாண்டிப் போய்
கழிவு வாளியின் முன் குந்தினார்.
ஓரம் பழுப்பேறிய ஒற்றைச் சம்பங்கி,
காம்பு முறிந்த தாமரை,
யாரோ மிதித்த செவ்வரளி.
எவ்வளவு என்று விரலால் கேட்டார்.
குப்பைக்கு நான் என்ன விலை சொல்வது?
ஒரு வெள்ளி என்றேன்.
இரண்டு கொடுத்தார்.

கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை.
இவருக்கு தஞ்சோங் பூங்காவில் பதினேழாவது மாடி,
கடல் பார்த்த ஜன்னல்,
காய மறுக்கும் தாள்.
பினாங்கில் காற்றே பாதி தண்ணீர் என்று
மலாயும் சைகையும் கலந்து குறைப்பட்டார்.
தூரிகையை எடுத்த பிறகும்
நிறம் ஊர்ந்துகொண்டே போகிறதாம்.
தலைமுடி உலர்த்தும் கருவியைப்
பூவின் மேல் பிடிக்கிறாராம்.

ஏழாம் வாரம் ஒரு படம் கொண்டுவந்தார்,
பழைய நாட்காட்டித் தாளில் சுற்றி.

முழ நீளத் தாளில்
ஒரே ஒரு சம்பங்கி.
அதுவும் இடது மூலையில்,
பஸ்ஸில் ஓர இருக்கை பிடித்தவள் மாதிரி.
மீதி முழுக்க ஒன்றுமில்லை.
திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதாவது உண்டா என்று.

கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
வெள்ளைப் பூவை அவர் வெள்ளையால் வரையவில்லை.
சுற்றிலும் சாம்பல் நீரைத் தொட்டுவிட்டு
பூவின் இடத்தைச் சும்மா விட்டிருந்தார்.
பதினெட்டு வருஷமாய் என் விரலில் நசுங்கும் பூ
அங்கே வெறும் தாளாக இருந்துகொண்டு
மணத்தது.
பழுப்பேறிய ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு,
தேயிலைச் சாயம் போல.
ஈரத்தின் மேல் ஈரம் விழுந்து
தன் போக்கில் படர்ந்து
எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றிருந்தது.

அந்த ஓரத்தைத்தான்
நான் தினமும் கிள்ளி எறிகிறேன்.

விபூதித் தட்டுக்கு மேலே ஒட்டிவைத்தேன்.
"என்னக்கா, பாதியில கரண்ட் போச்சா?"
என்றாள் கடையில் உதவிக்கு நிற்கும் கோகிலவாணி.

அன்று மாலை ஒரு கல்யாண மாலை.
கை அதுபாட்டுக்குப் போகும். கண் சுவரில்.
இரண்டு கண்ணிகளுக்கு நடுவே
ஒரு விரல் அகலம், வெறும் நார்.
பார்த்தேன்.
பிரிக்கவில்லை.
அங்கே கொஞ்சம் காற்று நிற்கட்டும் என்றா,
வேன் வந்துவிட்டது என்றா,
இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் பெண்ணின் அத்தை வந்து
அலைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.
மாப்பிள்ளை நெஞ்சில், சிவப்பு ரோஜாக்களுக்கு நடுவே,
ஒரு துண்டு பட்டுச் சட்டை.
எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.
"நூற்றெண்பது வெள்ளி வாங்கினியே,
ஊர்ல பூவுக்குப் பஞ்சமா?"
பத்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நெருக்கமாகத்தான் கட்டுகிறேன்.
பிழைப்பு.

ஆனாலும் செவ்வாய் இரவு கடை சாத்துமுன்
கழிவு வாளியை ஒருமுறை கிளறிப் பார்ப்பது
எப்படியோ வழக்கமாகிவிட்டது.
பெரும்பாலும் குப்பைதான்.
நேற்று ஒரு தாமரை.
மூன்று இதழ் உதிர்ந்திருந்தது;
நாலாவது
இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன்.
விலை கேட்டால்
மூன்று வெள்ளி சொல்வதாக உத்தேசம்.